நடந்தும் காய்ச்சல் வந்ததே, பிறகு எதற்கு நடக்க வேண்டும்?

கேள்வி: நான் ஆரையம்பதியில் இருக்கும் ஒரு ஆசிரியை. வயது 49. கொவிட் காலத்துக்குப் பிறகு இரண்டு சிநேகிதிகளோடு சேர்ந்து கிழமையில் ஐந்து நாள் விடிய நடக்கிறேன். போன மாரியில் கடும் தடிமனும் காய்ச்சலும் வந்து ஒரு கிழமை படுத்தே விட்டேன். கடையில் கதிரையை விட்டு எழும்பாத என் கணவருக்கு (56 வயது, சீனி வருத்தம் இருக்கிறது) இரண்டு நாள் மூக்கு ஒழுகியதோடு சரி. "நடந்து என்ன கண்டாய்?" என்று இன்றைக்கும் கேட்கிறார். உடற்பயிற்சிக்கும் இந்த வைரஸ் காய்ச்சல்களுக்கும் உண்மையில் தொடர்பு இருக்கிறதா? காய்ச்சல் தொடங்கும்போதே நன்றாக நடந்து வியர்க்க வைத்தால் இறங்கிவிடும் என்கிறார்களே, சரியா? 19 வயது மகன் காய்ச்சலோடு பனடோல் போட்டுவிட்டு ஃபுட்போல் மெட்ச்சுக்குப் போகிறான். வீட்டில் 78 வயது மாமியும் இருக்கிறார். எல்லோருக்கும் சேர்த்து ஒரு பதில் எழுதுங்கள்.

பதில்:

ரீச்சர், உங்கள் கணவருடைய கேள்வியையே முதலில் எடுக்கிறேன். தினமும் உங்கள் காதில் விழுவது அதுதானே. நடப்பவருக்குத் தடிமனும் காய்ச்சலும் வராது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது பிழை. வைரஸ் மூக்குக்குள் போவதை நடை தடுக்காது. அதுவும் நீங்கள் பிள்ளைகள் தும்மும் வகுப்பறைக்குள் நாள் முழுக்க நிற்பவர். மாரியில் சாரல் அடிக்கிறதென்று ஜன்னல்களையும் சாத்திவிடுவோம். உங்கள் கணவரோ கடை வாசலில் காற்றோட்டமாக இருக்கிறார். யாருக்கு எவ்வளவு வைரஸ் போய்ச் சேர்ந்தது என்பதிலேயே பெரிய வித்தியாசம் இருந்திருக்கும்.

அதோடு, இரண்டு பேருக்கும் வந்தது ஒரே வருத்தம்தான் என்று எப்படித் தெரியும்? சாதாரணத் தடிமனைத் தரும் ரைனோ வைரஸ் என்றால் பெரும்பாலும் சில நாள் மூக்கு ஒழுகுவதோடு போய்விடும். இன்புளுவென்சா என்றால் நல்ல பலசாலியும் ஒரு கிழமை படுப்பார். ஆர்.எஸ்.வி. என்று இன்னொரு சுவாச வைரஸ் இருக்கிறது, கொவிட் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரே வைரஸாக இருந்தாலும், முன்பு ஒரு தடவை அது வந்து போனவருடைய உடம்பில் எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஆகவே உங்களையும் அவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒரு முடிவுக்கும் வர ஏலாது. நடக்கிற உங்களை, நடக்காமல் இருந்திருந்தால் நீங்கள் எப்படி இருந்திருப்பீர்களோ அதோடுதான் ஒப்பிட வேண்டும். அது எந்த வீட்டிலும் முடியாத காரியம். அதனால்தான் ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

அப்படிப் பார்த்ததில் அதிகம் பேசப்பட்டது தென் கலிபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வு. கைசர் பெர்மனென்டே என்ற பெரிய மருத்துவ அமைப்பு அதைச் செய்தது. அங்கே கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் பிரஷர் பார்க்கும்போதே இரண்டு கேள்வி கேட்டு எழுதி வைப்பார்கள்: கிழமையில் எத்தனை நாள் உடற்பயிற்சி செய்கிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம்? கொவிட் வருவதற்கு முன்பிருந்தே இந்தப் பதில்கள் கையில் இருந்தன. 2020 ஜனவரி முதல் ஒக்டோபர் வரை கொவிட் தொற்றிய 48,440 பேரை எடுத்து, பழைய பதில்களோடு பொருத்திப் பார்த்தார்கள். கிழமைக்கு 150 நிமிடம் அல்லது அதற்கு மேல் என்று தொடர்ந்து சொல்லி வந்தவர்களோடு ஒப்பிட்டால், பத்து நிமிடம்கூடத் தாண்டாதவர்கள் ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்படும் வாய்ப்பு 2.26 மடங்கு. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் வாய்ப்பு 1.73 மடங்கு. இறக்கும் வாய்ப்பு 2.49 மடங்கு. முதுமையையும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்திருப்பதையும் விட்டால், அவர்கள் பார்த்த ஆபத்துக் காரணிகளில் உடலை அசைக்காமல் இருப்பதுதான் முன்னுக்கு நின்றது. 2021இல் இது வெளிவந்தது. அந்த நாட்டிலும் 150 நிமிடத்தைத் தொடர்ந்து எட்டியவர்கள் நூற்றுக்கு ஆறேழு பேர்தான் என்பதையும் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

(அந்த இரண்டு கேள்வியையும் எங்கள் கிளினிக் கொப்பிகளில் எழுதத் தொடங்கினால் ஒரு சதமும் செலவில்லை. பிரஷரும் நிறையும் எழுதுகிறோம்தானே.)

ஆனால் அந்த "இரண்டு மடங்கு" என்ற எண்ணை நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள மாட்டேன். நடக்காதவர்களில் கொஞ்சப் பேர், ஏற்கெனவே உடம்பு சரியில்லாததால் நடக்க ஏலாமல் இருப்பவர்கள். தெரிந்த வருத்தங்களையெல்லாம் கணக்கில் சேர்த்துக் கழித்துத்தான் பார்த்தார்கள், என்றாலும் எல்லாவற்றையும் கழித்துவிட முடியாது. அதோடு எத்தனை நிமிடம் என்பது அவரவர் வாயால் சொன்னது. டொக்டர் கேட்டால் யார்தான் குறைத்துச் சொல்வார்கள்?

என்றாலும் ஆய்வு காட்டும் திசையை நம்புகிறேன். காரணம், வேறு நாட்டில், வேறு வைரஸில், வேறு விதமாகப் பார்த்தவர்களும் அதே பக்கம்தான் போய்ச் சேர்ந்தார்கள். ஹொங்கொங்கில் 1998இல் இறந்த 24,000க்கும் மேற்பட்டவர்களுடைய விபரங்களை வைத்துப் பார்த்தபோது, அளவாக உடற்பயிற்சி செய்து வந்தவர்களிடம் இன்புளுவென்சாவோடு தொடர்புபட்ட இறப்பு குறைவாக இருந்தது. அது கொவிட்டுக்கு இருபது வருடத்துக்கு முந்தைய கதை. தென்னாபிரிக்காவில் வாய்ச்சொல்லை விட்டுவிட்டுக் கைக்கடிகாரம் போன்ற கருவிகளும் ஜிம் வரவுகளும் பதிந்த கணக்கை எடுத்தார்கள். அங்கே ஜோன்சன் அண்ட் ஜோன்சன் கொவிட் தடுப்பூசி போட்ட சுகாதாரப் பணியாளர்களில், மிகக் குறைவாக உடலை அசைப்பவர்களுக்கு ஆஸ்பத்திரியில் சேர்வதிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 60 சதவீதம். நடுத்தரமாக அசைப்பவர்களுக்கு 72, நன்றாக அசைப்பவர்களுக்கு 86. கவனியுங்கள், இவர்கள் எல்லோருமே தடுப்பூசி போட்டவர்கள். நடை தடுப்பூசிக்குப் பதிலாக நிற்கவில்லை, அதற்குத் துணையாக நின்றது.

சரி, தொற்றுவதையாவது குறைக்குமா? இதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவில் ஆயிரம் பேரை இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலுமாக 12 கிழமை பார்த்த ஓர் ஆய்வில், கிழமைக்கு ஐந்து நாளோ அதற்கு மேலோ பயிற்சி செய்தவர்கள் தடிமனோடு கழித்த நாட்கள் 43 சதவீதம் குறைவு. ஆனால் ஒரு கூட்டத்தைப் பயிற்சியில் போட்டு இன்னொரு கூட்டத்தைச் சும்மா விட்டுப் பார்த்த சோதனைகளையெல்லாம் ஒன்றுசேர்த்து ஆராய்ந்த கொக்ரேன் குழு, 2020இல் எழுதியது வேறு: எத்தனை தடவை தடிமன் வருகிறது என்பது பெரிதாகக் குறையவில்லை, வந்தால் அதன் கடுமை குறையக்கூடும், அதற்கான சான்றும் இன்னும் பலமானதல்ல. நான் இந்த இரண்டாவதன் பக்கம். நோயாளிகளிடமும் "வராது" என்று வாக்குக் கொடுப்பதில்லை. வந்தால் உங்களை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதில்தான் நடையின் பங்கு இருக்கிறது. நீங்கள் ஒரு கிழமை படுத்தீர்கள். வாட்டில் படுக்கவில்லை. அதற்கு நடைதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது, அதற்கும் நடைக்கும் சம்பந்தமே இல்லை என்று உங்கள் கணவராலும் நிரூபிக்க முடியாது.

ஏன் இப்படி என்று கேட்டால், நான் பிசியோதெரபிஸ்ட், எனக்கு முதலில் கண்ணில் படுவது தாங்குசக்தி. மாரியில் உன்னிச்சைக் குளத்தில் தேக்கிய தண்ணீரை வைத்துத்தான் சிறுபோகம் செய்கிறோம். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிய பிறகு குளத்தை நிரப்ப ஏலாது. உடம்பும் அப்படித்தான். காய்ச்சல் ஒரு பாகை செல்சியஸ் ஏறினால் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ பத்துத் துடிப்புக் கூடுதலாகத் துடிக்கிறது, உடம்பு கேட்கும் ஒட்சிசனும் கூடுகிறது. நுரையீரலில் சளி கட்டினால் மூச்சுத் தசைகளுக்கு இன்னும் வேலை. ஒரு மாடிப்படி ஏறினாலே இளைக்கிற ஒருவருக்கு இந்தக் கூடுதல் வேலைக்குக் கையிருப்பே இல்லை. தினமும் வேகமாக நடக்கிறவருக்கு அதே வேலையைச் செய்த பிறகும் மிச்சம் இருக்கும்.

நடந்தால் நுரையீரல் பெரிதாகும் என்று பலர் நினைக்கிறார்கள். வளர்ந்தவர்களுக்கு அப்படி ஒன்றும் பெரிதாக நடப்பதில்லை. இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தம் கூடுகிறது, கால் தசைகள் அதிலுள்ள ஒட்சிசனை எடுக்கப் பழகுகின்றன, அதே வேலைக்குக் குறைந்த மூச்சுப் போதுமாகிறது. மாற்றம் அங்கேதான்.

அடுத்தது சீனியும் வயிற்றுக் கொழுப்பும். கொவிட்டில் மோசமாகப் போனவர்கள் பலருக்கு வைரஸை விட, அதை எதிர்க்கப் போன உடம்பு கட்டுமீறிக் கிளர்ந்ததுதான் கூடுதல் சேதம் செய்தது. வயிற்றுக்குள் சேர்ந்த கொழுப்பு எப்போதும் ஒரு மெல்லிய அழற்சியை உடம்பில் வைத்துக்கொண்டே இருக்கும். அதன் மேல் வைரஸ் வந்தால் சண்டை தொடக்கத்திலேயே சூடாக இருக்கும். இரத்தத்தில் சீனி ஏறி நின்றால் வெள்ளை அணுக்களும் சரியாக வேலை செய்யாது. நடக்கும்போது தசை, இன்சுலினுக்குக் காத்திருக்காமலேயே இரத்தத்திலுள்ள சீனியை எடுத்துக்கொள்கிறது. ஆகவே உங்கள் வீட்டில் நடையால் அதிக இலாபம் யாருக்கு என்றால், உங்களுக்கு அல்ல ரீச்சர், உங்களைக் கிண்டல் செய்கிறவருக்குத்தான்.

இன்னொரு மாற்றமும் இருக்கிறது. ஒவ்வொரு தடவை கொஞ்சம் வேகமாக நடக்கும்போதும், வைரஸ் புகுந்த கலங்களைத் தேடி அழிக்கும் வெள்ளை அணுக்கள் ஒதுங்கியிருந்த இடங்களிலிருந்து இரத்தத்துக்குள் இறங்கிச் சுற்றுகின்றன. சில மணித்தியாலத்தில் திரும்பிப் போய்விடும். கிழமையில் ஒரு நாள் மூன்று மணித்தியாலம் நடப்பதை விட, பல நாள் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பது நல்லது என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளவு மீறினால்? 1987இல் லொஸ் ஏஞ்சல்ஸ் மரதன் ஓடியவர்களை அடுத்த ஒரு கிழமை விசாரித்தார்கள். ஓடியவர்களில் 12.9 சதவீதம் பேர் தடிமன், தொண்டை நோவு என்றார்கள். அதே அளவு பயிற்சி செய்துவிட்டு வேறு காரணத்தால் அன்றைக்கு ஓடாதவர்களில் 2.2 சதவீதம்தான். நீண்ட நேர ஓட்டம் எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்ச நேரம் தாழ்த்திவிடுகிறது என்று அப்போது சொன்னார்கள். இன்றைக்கு அதைச் சந்தேகப்படுகிறவர்கள் நிறைய. மரதனுக்கு முதல் நாள் யாரும் ஒழுங்காக நித்திரை கொள்வதில்லை, ஆயிரக்கணக்கான பேர் நெருக்கியடிக்கிறார்கள், தூசும் வறண்ட காற்றும் தொண்டையைக் கரகரக்க வைத்தால் அதையும் தடிமன் கணக்கில் எழுதிவிடலாம்.

எனக்கு இதைப் படிக்கும்போது கதிர்காமப் பாதயாத்திரைதான் நினைவுக்கு வரும். வருடம் முழுக்க ஆட்டோவில் போகிறவர், திடீரென்று ஒரு நாள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு திருக்கோவில், பொத்துவில், உகந்தை என்று இறங்கிக் காட்டுக்குள்ளே நடக்கிறார். நித்திரை குறைவு, வெயில், புழுதி, பெருங்கூட்டம், கிடைத்த இடத்தில் கிடைத்த தண்ணீர். திரும்பி வந்து ஒரு கிழமை இருமினால், "நடந்ததால் வந்தது" என்று சொல்வார்கள். கூட்டமும் நித்திரைக் குறைவும் செய்த வேலையை நடையின் தலையில் போடக் கூடாது. நேர்த்திக்கடன் வைத்தவரை நான் மறிக்க மாட்டேன். மூன்று மாதத்துக்கு முன்பே நடக்கத் தொடங்குங்கள், போகும் செருப்போடும் பையோடும் நடந்து பழகுங்கள் என்றுதான் சொல்வேன். பாதையில் இருமுகிறவர்களோடு ஒரே பாயில் நெருங்கிப் படுக்காமல் இருந்தாலே பாதிக் காரியம் முடிந்தது.

இனி உங்கள் நடை. மூன்று பேர் சேர்ந்து நடப்பது நல்ல விஷயம், தெருநாய்களுக்காகவாவது அது வேண்டும். ஆனால் வேகத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். கதைக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் அளவு. பள்ளிக்கூடத்துக் கதை முழுவதையும் மூச்சு வாங்காமல் சொல்லி முடிக்கிறீர்கள் என்றால், அது உலாத்தல். உலாத்தலும் சும்மா இருப்பதை விட நல்லதுதான், என்றாலும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் என்பது மூச்சு கொஞ்சம் வாங்குகிற நடைக்கான கணக்கு. அதோடு கிழமையில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்கவும் சொல்கிறார்கள். முன்பு ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்றிருந்தது. 2020இல் அந்த விதியையும் எடுத்துவிட்டார்கள். வகுப்பறைக்கும் ஒஃபிசுக்கும் இடையில் நடக்கிற மூன்று நிமிடமும் இப்போது சேர்த்தி.

விடிய வீதியோரத்தில் குப்பை எரிக்கிற புகைக்குள்ளால் நடக்காதீர்கள். அந்தப் புகை மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும், முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ளவர்களுக்கு இழுப்பையும் கிளப்பிவிடும். கடற்கரைப் பக்கம் திரும்புங்கள், இல்லாவிட்டால் நேரத்தை மாற்றுங்கள். மாரியில் வெள்ளம் நின்றால் வீட்டு விறாந்தையில் நடக்கலாம், கதிரையில் இருந்து எழும்பி இருந்து பழகலாம். தொற்று கூடுகிற காலமும் நடை நின்றுபோகிற காலமும் இங்கே ஒன்றாகத்தான் வருகின்றன. அதனால் மாரிக்கென்று ஒரு வழி முன்கூட்டியே வைத்திருங்கள்.

உங்கள் கணவருக்கு நாளைக்கே "வாருங்கள் நடப்போம்" என்று சொல்ல வேண்டாம். வர மாட்டார், வந்தாலும் மூன்றாம் நாள் நின்றுவிடுவார். கடையிலேயே தொடங்கலாம். சாப்பிட்ட பிறகு பத்து நிமிட நடை, மூன்று வேளையும். சாப்பாட்டுக்குப் பின் சீனி ஏறுகிற நேரத்தில்தான் அந்த நடை மிகவும் உதவும். ஆள் இல்லாத நேரத்தில் கையை ஊன்றாமல் கதிரையில் இருந்து பத்துத் தரம் எழும்பி இருக்கட்டும். அதற்கு முன் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சு இறுகுகிறதா, கால் விறைக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். இன்சுலினோ கிளிக்லசைட் மாதிரி மாத்திரையோ எடுப்பவருக்கு நடையில் சீனி சட்டென்று இறங்கலாம். கை நடுங்கி வியர்த்தால் வாயில் போட்டுக்கொள்ளச் சட்டைப் பையில் நாலைந்து டொபி இருக்கட்டும். மெட்ஃபோமின் மட்டும் எடுப்பவருக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: சீனி வருத்தக்காரர் கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் சிப்பி வெட்டினாலும் தெரியாது, சுடுமணல் கொப்பளித்தாலும் தெரியாது. புண் பெருத்த பிறகுதான் வருவார்கள். மூடிய செருப்போ சப்பாத்தோ போட்டு, திரும்பி வந்ததும் பாதத்தின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

வியர்க்க வைத்தால் காய்ச்சல் இறங்குமா என்று கேட்டீர்கள். காய்ச்சல் இறங்கும்போது வியர்ப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம், அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டதுதான் இந்த நம்பிக்கை. வைரஸை எதிர்க்க உடம்பு தன் வெப்பத்தை உயர்த்தி வைத்திருக்கிறது. அது போதும் என்று உடம்பே முடிவு செய்யும்போது வியர்வையால் வெப்பத்தை வெளியே விடுகிறது. அதற்கு முன் நீங்கள் ஓடி வியர்த்தால் தசை இன்னும் சூட்டைச் சேர்க்கும், தண்ணீரும் போய்விடும். மூக்கு மட்டும் ஒழுகுகிறது, காய்ச்சல் இல்லை, உடம்பு நோவு இல்லை என்றால் மெதுவாக நடப்பதில் தவறில்லை. காய்ச்சல், நெஞ்சுக்குள் இருமல், உடம்பு முறிவு, வயிற்றோட்டம் இவற்றில் ஒன்று இருந்தாலும் படுத்து ஓய்வெடுங்கள். கொத்தமல்லித் தண்ணியோ கஞ்சியோ, ஏதாவது நிறையக் குடியுங்கள்.

மகனுடைய கதை இதைவிடக் கடுமையானது. இன்புளுவென்சா, கொவிட், இன்னும் சில வைரஸ்கள் சில பேருக்கு இதயத் தசையையும் தொட்டுவிடும். மயோகார்டைட்டிஸ் என்பார்கள். பலருக்கு அது வெளியே தெரியாமலே ஆறிவிடும். ஆனால் அந்த நிலையில் இருக்கும் இதயத்தை 90 நிமிடம் ஓட விட்டால் துடிப்பு குழம்பி மைதானத்திலேயே விழலாம். அரிதுதான், ஆனால் நடந்தால் திருத்த முடியாது. பனடோல் காய்ச்சலை இறக்கும், வைரஸை ஒன்றும் செய்யாது. அது போட்டதால் அவன் தனக்குச் சுகம் என்று நினைக்கிறான், அவ்வளவுதான். அணியில் மற்றப் பத்துப் பேருக்கும் அதைக் கொடுத்துவிட்டு வருவான் என்பது வேறு. பனடோல் இல்லாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருந்த பிறகு வீட்டுக்குள் நடமாடட்டும். பிறகு சில நாள் நடை, பிறகு மெல்லோட்டம், எல்லாம் சரியாக இருந்தால் ஒரு கிழமைக்குப் பிறகு பந்து. இடையில் நெஞ்சு நோவு, படபடப்பு, தலைசுற்று, அளவுக்கு மீறிய இளைப்பு வந்தால் ஈ.சி.ஜி. எடுக்காமல் மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது. கோச்சிடமும் நேரே சொல்லிவிடுங்கள். தாய் சொன்னால் கேட்காத பிள்ளை கோச் சொன்னால் கேட்கும்.

எங்கள் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு ஒன்று: மூக்கும் ஒழுகவில்லை, இருமலும் இல்லை, காய்ச்சல் மட்டும் அடிக்கிறது, கண்ணுக்குப் பின்னால் நோகிறது என்றால் அது தடிமன் கணக்கில் சேராது. டெங்குவாக இருக்கலாம், வயலுக்குள் இறங்குகிறவர் என்றால் எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் டொக்டரிடம் காட்டி இரத்தம் பாருங்கள். டொக்டர் சொல்லாமல் அஸ்பிரினோ இபுபுரூஃபெனோ போடாதீர்கள். இந்தக் காய்ச்சல்களில் நடையும் வேண்டாம், விளையாட்டும் வேண்டாம்.

நீங்கள் திரும்ப நடக்கத் தொடங்கும்போது பழைய தூரத்தை முதல் நாளே எட்ட வேண்டும் என்றில்லை. பாதி நேரம், பாதி வேகம், பிறகு ஒன்றிரண்டு கிழமையில் பழையபடி. நடந்த அன்று நன்றாக இருந்து, அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ அடித்துப் போட்டது மாதிரி விழுந்துவிடுகிறீர்கள் என்றால், தூரத்தைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். கொவிட்டுக்குப் பிறகு சிலருக்கு இது மாதக்கணக்கில் இருக்கிறது. அவர்களிடம் "முயற்சி செய்தால் சரிவரும்" என்று தள்ளுவது வருத்தத்தைக் கூட்டும். அது சோம்பல் இல்லை.

கடைசியாக மாமி. வயதானவர்களுக்கு வருத்தத்தை விடப் படுக்கை செய்யும் சேதம் சில வேளை கூட. 2007இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், நல்ல சுகமாக இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தபோது கால் தசையில் ஏறத்தாழ ஒரு கிலோ கரைந்துவிட்டது. அதைத் திரும்பப் பெற மாதங்கள் போகும். அதனால் அவர் சுகமாக இருக்கும் இந்த நாட்களிலேயே, சுவரோடு ஒட்டிப் போட்ட உயரமான கதிரையில் இருந்து ஐந்து தரம் எழும்பி இருக்கட்டும், காலை, மதியம், பின்னேரம். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். காய்ச்சல் வந்தாலும் சாப்பாட்டுக்கு எழுப்பி இருத்துங்கள், கழிப்பறைக்குக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போங்கள். மீன், முட்டை, பருப்பு ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும். வெறும் சோற்றுக்கஞ்சியால் தசை வராது. இன்புளுவென்சாத் தடுப்பூசி பற்றி மாமிக்கும் உங்கள் கணவருக்கும் சேர்த்துக் கிளினிக் டொக்டரிடம் கேளுங்கள். தனியாரிடம் பணம் கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கும், என்றாலும் இந்த இரண்டு பேருக்கும் அது வீண் செலவில்லை. மாரி தொடங்க முன் போடுவது நல்லது.

வயதானவருக்கு நெஞ்சில் சளி கட்டி நியுமோனியா வரும்போது காய்ச்சலே அடிக்காமலும் போகலாம். திடீரென்று சாப்பிட மறுப்பது, ஆளை மாற்றிக் கூப்பிடுவது, நித்திரையாகவே கிடப்பது, காரணமில்லாமல் விழுவது, இவை மட்டுமே அடையாளமாக இருக்கும். வீட்டில் விரலில் மாட்டி இரத்தத்திலுள்ள ஒட்சிசனைப் பார்க்கும் ஒக்சிமீட்டர் இருந்தால், கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள், குளிர்ந்த விரலில் குறைத்துக் காட்டும். 94 சதவீதத்துக்குக் கீழே நின்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சும்மா இருக்கும்போதே இளைப்பது, ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல மூச்சுப் போதாமல் போவது, உதடு நீலம் பாய்வது, இவை வீட்டில் யாருக்கு வந்தாலும் ஆட்டோ தேடிக்கொண்டு நிற்காமல் 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் வீட்டுக்கே வரும், காசு வாங்க மாட்டார்கள். நல்ல சுகம் வந்து இரண்டு நாளில் காய்ச்சல் திரும்ப அடித்தால், அதையும் "பழைய தடிமன்தானே" என்று விட வேண்டாம். வைரஸ் போன வழியால் பக்டீரியா நுழைந்திருக்கலாம், அதற்கு டொக்டர் மருந்து தர வேண்டும்.